இணையக் காணொளிகளில் இசையின் ஒலித்தரம்: குறை எங்கே சேர்கிறது?

யாழ்ப்பாணத்துக் கோயில் ஒன்றில் கொடியேறினால், அன்றிரவே அதன் மங்கள இசை யூரியூப்பிலும் முகநூலிலும் நேரலையாகப் போய்விடுகிறது. ஒரே கச்சேரியை இரண்டு அலைவரிசைகள் ஒளிபரப்பும்போது, ஒன்றில் தவிலின் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கிறது. மற்றதில் நாதஸ்வரம் கரகரக்க, தவில் நெல்லுச்சாக்கைத் தட்டினாற்போல மங்கி ஒலிக்கிறது. படமோ இரண்டிலும் ஒரே தெளிவில் இருக்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து பார்ப்பவர்கள் யூரியூப்பின் ஒலியே இவ்வளவுதான் என்று முடிவுகட்டுகிறார்கள். வேறு சிலர் காணொளியின் தெளிவை 1080க்கு உயர்த்தினால் ஒலியும் திருந்தும் என எண்ணுகிறார்கள். பழைய பாடல்களின் காணொளிகள் '320', '8டி' என்ற அடைமொழிகளுடன் வருவதும், 2025 செப்ரெம்பரில் ஸ்பொட்டிஃபை இழப்பற்ற (சுருக்கும்போது எதையும் நீக்காத) ஒலியை அறிமுகப்படுத்தியதும் இக்குழப்பத்தைக் கூட்டியிருக்கின்றன.

வாத்தியத்திலிருந்து காதுவரை இசை கடந்துவரும் பாதையைப் படிப்படியாகப் பார்த்தால், இன்று காணொளித் தளம் செய்யும் சேதம் அப்பாதையின் சிறு பங்கே என்பதும், பெரும்பங்கு பதிவேற்றத்துக்கு முன்னரும் கேட்போரின் கைக்கு வந்த பின்னருமே நேர்கிறது என்பதும் விளங்கும். அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ஒலி எண்ணாக மாறுவது

ஒலிவாங்கி காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தை ஒரு செக்கனில் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதிவைப்பதே எண்முறை ஒலிப்பதிவு. மூன்று அளவுகளைத் தெரிந்துகொண்டால் மேலே போகலாம்.

1. மாதிரி வீதம்: ஒரு செக்கனில் எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது. ஓர் அதிர்வெண்ணைப் பிழையின்றிப் பதிய, அதன் இருமடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் அளக்க வேண்டும். மனிதச் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 20,000 அதிர்வுகள்) என்பதால், 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு 44,100 என்ற வீதத்தை எடுத்துக்கொண்டது. காணொளித் துறையில் 48,000 வழக்கம்.

2. மாதிரி ஆழம்: ஒவ்வோர் அளவையும் எழுத எத்தனை பிற்கள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) பயன்படுகின்றன என்பது. ஒரு பிற் கூடினால் மிகமெல்லிய ஒலிக்கும் மிகப்பலத்த ஒலிக்கும் இடையிலுள்ள வீச்சு ஏறத்தாழ 6 டெசிபெல் விரிகிறது. இறுவட்டின் 16 பிற்களுக்கு அது 96 டெசிபெல்.

3. பிற் வீதம்: ஒரு செக்கன் இசைக்குச் செலவாகும் மொத்தப் பிற்கள். 44,100ஐ 16ஆலும், இடம் வலம் என்ற இரு தடங்களாலும் பெருக்கினால் இறுவட்டின் வீதம் கிடைக்கும்: செக்கனுக்கு 1,411 கிலோபிற்.

இந்த 1,411 கிலோபிற்றை அப்படியே அனுப்பினால் ஒரு மணித்தியால இசைக்கு ஏறத்தாழ 635 மெகாபைற் வேண்டும். எனவே தளங்கள் அதைச் சுருக்குகின்றன.

சுருக்கும்போது எது போகிறது

பலத்த ஓர் ஒலி, தனக்கு நெருங்கிய அதிர்வெண்ணில் ஒலிக்கும் மெல்லிய ஒலியைச் செவிக்கு எட்டாமல் மறைத்துவிடும். எம்பி3, அதன் வழிவந்த ஏஏசி, 2012இல் தரநிலையாக வெளியான ஓப்பஸ் ஆகிய சுருக்க முறைகள் எல்லாம் இந்த மறைப்பையே மூலதனமாகக் கொண்டவை. மறைந்துபோகும் பகுதிகளுக்குப் பிற்களைச் செலவிடாமல், கேட்கும் பகுதிகளுக்கு அவற்றை ஒதுக்குகின்றன. நீக்கியதை மீட்க முடியாது என்பதால் இவை இழப்புள்ள சுருக்கங்கள் எனப்படுகின்றன. 128 கிலோபிற் ஏஏசி என்பது இறுவட்டின் அளவில் பதினொன்றில் ஒரு பங்கு. ஆனாலும் அமைதியான அறையில், நல்ல கருவியில் கேட்கும் பலருக்கும் பெரும்பாலான இசையில் வேறுபாடு பிடிபடுவதில்லை.

பெரும்பாலான இசையில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இம்முறைகளுக்குக் கடினமான ஒலிகள் சில இருக்கின்றன. நம் ஊர் மங்கள இசையில் அவை நிறைந்திருக்கின்றன. ஏஏசி ஒலியைத் துண்டுதுண்டாக எடுத்துச் சுருக்குகிறது. 44,100 வீதத்தில் வழக்கமான ஒரு துண்டில் 1,024 மாதிரிகள் இருக்கும். அது 23 மில்லிசெக்கன். சுருக்கத்தால் எழும் சிறு இரைச்சல் அத்துண்டு முழுவதிலும் பரவுகிறது. நீண்டு ஒலிக்கும் நாதஸ்வரச் சுரத்தில் அந்த இரைச்சல் மறைந்துவிடும். தவிலில் அப்படியில்லை. கூடு என்ற விரலுறை மாட்டிய விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் கணத்துக்கு முன் அமைதி, விழுந்தவுடன் உச்சம். துண்டின் கடைசியில் அடி விழுந்தால், அதற்கு முன்னிருந்த அமைதியிலும் இரைச்சல் கசிந்து, அடியின் விளிம்பு மழுங்குகிறது. இது முன்னெதிரொலி எனப்படுகிறது. இதைத் தவிர்க்க ஏஏசி, கூர்மையான அடி வருவதை உணர்ந்தால் துண்டை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 3 மில்லிசெக்கன் அளவுக்குக் குறுக்கிக்கொள்கிறது. ஆனால் குறுந்துண்டுகள் அதிகப் பிற்களைக் கேட்கும். மொஹரா, தீர்மானம் போன்ற வேகமான தாள முடிப்புகளில் அடிமேல் அடி விழும்போது கையிருப்புப் போதாமல் போகலாம். கூடவே தாளத்தின் வெண்கல ஒலி உயர் அதிர்வெண்களை நிரப்பிக்கொண்டிருக்கும். 128 கிலோபிற்றில் இவை ஓரளவு சமாளிக்கப்படுகின்றன. 48 கிலோபிற்றில் சமாளிக்கப்படுவதில்லை.

தளம் உண்மையில் என்ன தருகிறது

யூரியூப்பின் தொடக்க ஆண்டுகளில் ஒலி குறித்த முறைப்பாடுகள் நியாயமானவை. அப்போது படமும் ஒலியும் ஒரே கோப்பில் பிணைந்திருந்தன; குறைந்த தெளிவுள்ள கோப்பில் ஒலியும் குறைந்த வீதத்தில் இருந்தது. தெளிவை உயர்த்தினால் ஒலியும் உயரும் என்ற நம்பிக்கை அக்காலத்தின் மிச்சம். பின்னர் படமும் ஒலியும் தனித்தனி ஓடைகளாகப் பிரிக்கப்பட்டன. இன்றைய நிலை இதுதான்:

1. ஒரே காணொளிக்குப் பல ஒலி ஓடைகள் தயாராக இருக்கின்றன. பெரும்பாலும் கிடைப்பவை 128 கிலோபிற் ஏஏசியும், ஏறத்தாழ 160 கிலோபிற் வரை போகும் ஓப்பஸும். முன்னது ஏறத்தாழ 16,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ளவற்றை வெட்டிவிடுகிறது. பின்னது 20,000 வரை செல்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களில் 16,000ஐக் கேட்கக்கூடியவர்கள் அரிது என்பதால் இந்த வெட்டு அஞ்சவேண்டியதன்று.

2. இவற்றுக்குக் கீழே 50, 70 கிலோபிற் ஓடைகளும் உண்டு. தொடர்பு மெலிந்தாலோ தரவுச் சிக்கனத் தெரிவை இயக்கினாலோ கைப்பேசிச் செயலி அவற்றுக்கு இறங்கக்கூடும். தவிலின் விளிம்பு மழுங்குவதைத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அங்கேதான் கேட்கலாம்.

3. எந்த ஓடை ஓடுகிறது என்பதைக் கணினியில் காணொளியின்மேல் வலது சொடுக்குப் போட்டு 'ஸ்ரற்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' என்பதைத் தெரிந்தால் காணலாம். ஒலிக்குரிய வரியில் 251 என்றிருந்தால் உயர்ந்த ஓப்பஸ். 140 என்றால் 128 கிலோபிற் ஏஏசி. 249 என்றால் அடிமட்டம்.

4. 1,411 கிலோபிற் கோப்பை ஏற்றினாலும், எம்பி3 ஒன்றை ஏற்றினாலும், தளம் அதை மீண்டும் ஒருமுறை சுருக்கியே தருகிறது. ஆகவே தலைப்பில் பிற் வீதமாகச் சொல்லப்படும் '320' என்ற எண் கேட்போரை வந்தடைவதில்லை. '8டி' என்பதோ இரு தடங்களுக்கிடையே ஒலியைச் சுற்றிச்சுற்றி நகர்த்தும் ஒரு வித்தை. எட்டு என்று எண்ணத்தக்கது அதில் ஒன்றுமில்லை.

ஒலியின் பலம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். தளம் ஒவ்வொரு காணொளியின் சராசரி உரப்பையும் அளந்து, −14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற இலக்குக்கு மேலிருந்தால் இறக்குகிறது, கீழிருந்தால் ஏற்றுவதில்லை. அதனால்தான் மெதுவாகப் பதிவான ஆலாபனைக்கு நடுவில் விளம்பரம் வந்து காதைப் பிளக்கிறது. 2023இல் வந்த நிலையான ஒலியளவுத் தெரிவு இதற்கு எதிர்த்திசையில் போய், மெல்லிய பகுதியை உயர்த்திப் பலத்த பகுதியைத் தாழ்த்துகிறது. பேச்சுக்கு அது உதவும். ஆலாபனை மெல்லத் தொடங்கி மேலெழும் கச்சேரிக்கு அது கேடு. அமைப்புகளில் அதை நிறுத்திவைப்பதே நல்லது.

பதிவேற்றத்துக்கு முன்

தளத்தின் சுருக்கம் எல்லாக் காணொளிகளுக்கும் ஒன்றே. அப்படியிருக்க ஒரே கச்சேரியின் இரு நேரலைகள் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகின்றன என்றால், வேறுபாடு தளத்துக்கு வரும் முன்பே நேர்ந்திருக்க வேண்டும். நேரலைக்குத் தளம் பரிந்துரைப்பதும் இருதட 128 கிலோபிற் ஏஏசியே; அது குறையில்லாத ஒலிக்குப் போதும்.

கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்கென்று அமைக்கப்பட்டது. நாதஸ்வரம் திறந்த வீதியில் நெடுந்தூரம் கேட்க உருவான வாத்தியம். அது சில அடி தூரத்தில் ஒலிக்கும்போது ஒலிவாங்கியின் எல்லை தாண்டி, அலையின் உச்சி தட்டையாக வெட்டப்படுகிறது. கரகரப்பு என்று நாம் கேட்பது இதைத்தான். பின்னர் எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகச் சீர்செய்ய இயலாது. இதைத் தடுக்கவென்று கைப்பேசியில் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் அது தவிலின் ஒவ்வொரு பலத்த அடிக்கும் முழு ஒலியையும் அமுக்கி, அடி ஓய்ந்ததும் மேலே தூக்குகிறது. தீர்மானம் முடிந்து நாதஸ்வரம் தொடரும் இடத்தில் ஒலி மூச்சுவாங்குவதுபோல ஏறி இறங்குவது இதனால்தான்.

இரைச்சல் நீக்கம் இன்னொரு தொல்லை. மாறாமல் தொடர்ந்து வரும் ஒலியை இரைச்சல் என்று கொள்வது அம்மென்பொருள்களின் பொதுவான போக்கு. சுருதிப்பெட்டியும் தம்புராவும் மாறாமல் தொடர்ந்து வருபவை. 2020இல் பெருந்தொற்றின்போது யாழ்ப்பாணத்து இசை ஆசிரியர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பிள்ளைகளுக்கு சூம் வழியாக வகுப்பெடுக்கத் தொடங்கியபோது, மறுமுனையில் சுருதி கேட்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்ததில் வியப்பில்லை. அதே ஆண்டில் சூம், இசைக்கலைஞர்களுக்கென ஒலியைத் தொடாமல் அனுப்பும் தெரிவை மேம்படுத்தியது. அந்தத் தெரிவை இயக்காமல் இன்றும் வகுப்புகள் நடக்கின்றன.

கைப்பேசியை விட்டு, ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து நேரடியாக வயர் எடுத்தால் இவை தீரும் என்பது பாதி உண்மை. குழாய் ஒலிபெருக்கியின் முன் கைப்பேசியைப் பிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். குழாய் ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் வெளியிடுவதேயில்லை. ஆனால் மிக்சரின் வேலை மண்டபத்தில் இருப்பவர்களுக்கு ஒலியைக் கேட்கச் செய்வது. தவில் தானாகவே மண்டபத்தை நிரப்பிவிடும் என்பதால் அதற்கு அங்கே சிறிதளவே ஒலி கொடுக்கப்பட்டிருக்கும். நேரில் இருப்பவருக்குச் சமநிலையாகக் கேட்கும் கச்சேரி, வயரில் எடுத்தவருக்குத் தவில் ஒடுங்கிய கச்சேரியாகக் கிடைக்கிறது. மிக்சரிலிருந்து ஒரு வயரும், சபைக்கு நடுவே தனியாக ஓர் ஒலிவாங்கியும் வைத்து இரண்டையும் கலப்பவர்களின் நேரலைதான் தொடக்கத்தில் சொன்ன தெளிவைத் தருகிறது.

பழைய பதிவுகளின் கதை வேறு. 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்பாக இன்று இணையத்தில் கிடைப்பவை எல்லாம் காந்த நாடாவின் காலத்தவை. கசெற் செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் என்ற மெதுவான வேகத்தில் ஓடுவது. அதன் உயர் அதிர்வெண்கள் எளிதில் தேய்பவை. றெக்கோடிங் பார்களில் பிரதியிலிருந்து பிரதி எடுக்கப்பட்டு, பின்னர் மின்சாரம் அற்ற தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவிலும் மின்கலத்திலும் ஓட்டப்பட்டுத் தேய்ந்து, எஞ்சியவை எம்பி3 ஆகி, வட்ஸ்அப் வழியாகக் கைமாறி, கடைசியாகக் காணொளியாக ஏறுகின்றன. இழப்புள்ள சுருக்கத்தை ஒவ்வொரு முறை செய்யும்போதும் முந்திய சுருக்கத்தின் இரைச்சலையும் இசையென்று எண்ணிப் பிற்கள் செலவிடப்படுகின்றன. இசைக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே போகிறது. தளத்தின் 128 கிலோபிற், இந்தச் சங்கிலியின் ஐந்தாவதோ ஆறாவதோ கண்ணி.

சுருதி மாற்றமும் இங்கே நேர்கிறது. நாடாவின் ஓட்டம் 6 சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும். கருவிக் கோளாறால் இது நடப்பதுண்டு. வேண்டுமென்றே செய்வதும் உண்டு. 2007 முதல் யூரியூப் இயக்கிவரும் உரிமைக் கண்காணிப்பு முறை, ஏற்றப்படும் ஒலியை உரிமையாளர் கொடுத்த மூலத்துடன் ஒப்பிடுகிறது. அதை ஏமாற்றுவதற்காகப் பாடலின் வேகத்தையோ சுருதியையோ சிறிது மாற்றி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காணொளியைக் கேட்டுச் சுருதி பிடித்துப் பழகும் மாணவருக்கு இது சிறிய தவறன்று.

கேட்போரின் பக்கம்

புளூரூத் காதணிக் கருவிக்கு ஒலி போகும்போது கைப்பேசி அதை இன்னொரு முறை சுருக்குகிறது. எல்லாக் கருவிகளும் ஏற்கும் எஸ்பிசி முறையின் வழக்கமான உயர் வீதம் 328 கிலோபிற். அதில் பெரிய குறை இல்லை. ஆனால் ஏதேனும் ஒரு செயலி அதன் ஒலிவாங்கியைக் கேட்டுவிட்டால், இணைப்பு தொலைபேசி உரையாடல் முறைக்கு மாறி, மாதிரி வீதம் 8,000 அல்லது 16,000 ஆகச் சரிந்து, ஒரே தடமாகிவிடும். இசை திடீரென்று தொலைபேசியில் வருவதுபோல ஒலித்தால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியோ சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே மௌனம். தவிலில் கம்பால் அடிக்கும் இடப்பக்கமான தொப்பியின் ஆழம் அதில் வராது. இதற்குத் தளத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

செலவுக் கணக்கும் பலர் நினைப்பதற்கு மாறானது. 128 கிலோபிற் ஒலி ஒரு மணித்தியாலத்துக்கு 58 மெகாபைற் அளவே எடுக்கும். 160 கிலோபிற் 72. தரவைக் கரைப்பது படம். எனவே இசைக்காக மட்டும் கேட்பவர் படத்தின் தெளிவைக் கையால் 144க்கு இறக்கலாம். ஒலி இறங்கவில்லை என்பதை மேற்சொன்ன எண்களால் உறுதிசெய்துகொள்ளலாம்.

இழப்பற்ற சேவைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பிள் மியூசிக் 2021இல் அதைத் தொடங்கியது, ஸ்பொட்டிஃபையும் சேர்ந்துகொண்டது. நல்ல ஒலிப்பதிவு, வயர் இணைப்பு, அமைதியான அறை என்ற மூன்றும் உள்ளவருக்கு அவை சிறு மேம்பாட்டைத் தரும். புளூரூத்தில் கேட்பவருக்கு அந்த இழப்பின்மை கைப்பேசியோடு நின்றுவிடுகிறது. அச்சேவைகள் எதிலும் இல்லாத நம் கோயிற் கச்சேரிகளுக்கோ அவை பொருந்தவே மாட்டா.

காணொளியும் ஆவணமும்

கேட்பதற்கு இத்தளங்கள் போதும். பாதுகாப்பதற்குப் போதுமா என்பது வேறு கேள்வி. பல குடும்பங்களும் கோயிற் சபைகளும் நாடாவை ஒருமுறை காணொளியாக ஏற்றியதும், அது பத்திரமாகிவிட்டது என்று மூலத்தை ஒதுக்கிவிடுகின்றன. தளத்திலிருந்து திரும்பக் கிடைப்பது சுருக்கப்பட்ட பிரதி. உரிமைக் கோரிக்கை ஒன்றாலோ, கணக்கு முடக்கத்தாலோ அதுவும் இல்லாமற் போகலாம்.

ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் நாடாக்களை எண்முறைக்கு மாற்றக் குறைந்தது 48,000 மாதிரி வீதத்தையும் 24 பிற் ஆழத்தையும் பரிந்துரைக்கிறது; இயன்றால் 96,000. முதலாவது தெரிவில் ஒரு மணித்தியால இருதடப் பதிவுக்கு ஏறத்தாழ 1 கிகாபைற் போதும். ஒரு ரெராபைற் வன்வட்டில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட மணித்தியாலங்கள் அடங்கும். ஒரு ஊரின் கோயிற் பதிவுகள் முழுவதற்கும் அதுவே தாராளம். நாடாவை ஓட்டும்போது செய்ய வேண்டியவை:

1. படிக்கும் தலையின் சாய்வை அந்த நாடாவுக்கேற்பத் திருப்பித் திருத்த வேண்டும். சாய்வு பிழைத்தால் உயர் ஒலிகள் போய்விடும். பதிந்தபின் அவற்றை மீட்க முடியாது.

2. வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். கலைஞரின் வழக்கமான சுருதி தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது மீற்றரைவிட உதவும்.

3. இரைச்சல் நீக்கத்தை மூலக் கோப்பில் செய்யக்கூடாது. தனிப்பிரதி ஒன்றில் எவ்வளவும் செய்துபார்க்கலாம்.

4. மூலக் கோப்பின் இரண்டு பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். ஈழத்து ஆவணங்களை எண்முறையில் காக்க 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் அச்சு நூல்களுடன் ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்த்துவருவதால், ஒன்றை அங்கே ஒப்படைப்பது பற்றிப் பேசலாம்.

யூரியூப்பில் ஏற்றுவது இவற்றுக்குப் பின்னர். ஏற்றும்போதும் எம்பி3 வேண்டாம்; சுருக்காத ஒலியையோ, தளமே பரிந்துரைக்கும் 384 கிலோபிற் ஏஏசியையோ காணொளியுடன் இணைத்துக் கொடுக்க வேண்டும். ஓப்பஸ் வருவதற்கு முன் ஏற்றப்பட்ட காணொளிகளும் இன்று ஓப்பஸில் கிடைக்கின்றன. புதிய சுருக்க முறை வரும்போது தளம் பழையவற்றையும் மீண்டும் சுருக்குகிறது. அடுத்த முறை வரும்போது அதன் கையில் இருக்கப்போவது இன்று நாம் கொடுக்கும் கோப்பு.